கப்ளர் இறுகினால் போதுமா? கம்பி இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் அரியாங்குப்பத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திற்குப் போயிருந்தேன். படிப்பை முடித்து ஓராண்டுகூட ஆகாத இளம் பொறியாளர் ஒருவர் தூண் கம்பிகளில் மாட்டியிருந்த கப்ளர்களை, அதாவது இரு கம்பிகளை இணைக்கும் திருகு குழல்களை, ஒவ்வொன்றாகக் கையால் திருகிப் பார்த்து, எதுவும் அசையவில்லை என்றதும் ஏட்டில் "சரி" என்று எழுதிக்கொண்டே நகர்ந்தார். கடலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதற்கான விலையை என் நிறுவனமும் நானும் சேர்ந்து கொடுத்தோம். அதே கையசைவை மறுபடியும் பார்த்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

32 மி.மீ. கம்பிக்கு 25 மி.மீ. கப்ளரைத் தேடுவது, கப்ளரை மாட்ட மறப்பது, துருப்பிடித்த கம்பியில் மரை, அதாவது திருகுச் சுற்று, போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை எந்த மேஸ்திரியின் கண்ணிலும் படும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே நடந்து முடிந்துவிடும் தவறுகளைப் பற்றியே இங்கு பேச்சு.

கப்ளர் ஏன் வந்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கமாகக் கிடத்திக் கட்டும் லேப் முறையில், எம்25 தரக் கான்கிரீட்டுக்குள் எஃப்.இ. 500 தரக் கம்பியைக் கணக்கிட்டால், கம்பி விட்டத்தைப் போல் ஏறத்தாழ 49 மடங்கு நீளம் தேவைப்படும். 32 மி.மீ. கம்பிக்கு அது ஒன்றரை மீட்டருக்கும் மேல். எடையில் பார்த்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் சுமார் 10 கிலோ இரும்பு. மிகத் தடித்த கம்பிகளை லேப் செய்யக் கூடாது என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்கிறது. நெருக்கமாகக் கம்பி நிற்கும் தூணில் லேப் வைத்தால் ஜல்லி இறங்கவும் இடமிருக்காது. ஆகவே இரு முனைகளிலும் மரை போட்டு, நடுவே ஒரு குழலைத் திருகி, இரண்டையும் ஒரே கம்பியாக்குகிறோம். கம்பியின் முழு விசையும் அந்த ஒரு சாண்கூட இல்லாத குழலின் மரைகள் வழியாகத்தான் கடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெட்டு மெஷினில் நறுக்கிய முனையில் அப்படியே மரை போடுவது

கம்பியைக் கத்தரிப்பது போல் நறுக்கும் மெஷின் வேகமானது; ஆனால் அது முனையை நசுக்கி, சற்றே வளைத்து, சாய்வாக விட்டுவிடுகிறது. அந்த முனையில் போடும் முதல் இரண்டு மூன்று மரைகள் அரைகுறையாகவே விழும். கப்ளருக்குள் இரு முனைகளும் முகத்தோடு முகம் பொருந்தி அழுந்த வேண்டிய இடத்தில், ஒரு விளிம்பு மட்டும் முட்டிக்கொண்டு மறுபக்கம் இடைவெளி நிற்கும். ரம்பத்தாலோ டிஸ்க்காலோ நேர்க்கோட்டில் அறுத்து, விளிம்பைத் தேய்த்த பிறகே கம்பி மரை மெஷினுக்குப் போக வேண்டும். 12 மீட்டர் கம்பி ஆலையிலிருந்து வரும்போதே அதன் முனை நறுக்கப்பட்டதுதான் என்பதைப் புதியவர்கள் பலரும் கவனிப்பதில்லை. அந்த முனையிலும் இரண்டு விரற்கடை அறுத்து எறிவது வீணடிப்பாகாது.

பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடுவது

நம் கடற்கரையில் இது சிறிய விஷயமில்லை. சிப்காட் வளாகமாக இருந்தாலும், தேவனாம்பட்டினமாக இருந்தாலும், உப்புக்காற்று மூடியில்லாத மரையில் சில நாட்களிலேயே செம்மண் நிறம் ஏற்றிவிடும். அதைவிட மோசமானது, தளம் போடும்போது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் மரையில் தெறிக்கும் சிமெண்ட் பால். அது காய்ந்தபின் கப்ளர் பாதியிலேயே நின்றுவிடும். திருகுகிறவரோ இறுகிவிட்டது என்று விட்டுவிடுவார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் வேலையிடத்தில் அடுத்த மாடிக்காக விட்டிருந்த கம்பிகளின் மூடிகள் பெரும்பாலும் காற்றோடு போய்விட்டன. மின்சாரம் இல்லாமல் வேலை நின்றுபோனது; திரும்பி வந்து பார்த்தபோது மரைப் பள்ளங்களில் உப்பும் துருவும் அப்பியிருந்தன. கம்பித் தூரிகையால் ஒவ்வொரு மரையாகத் தேய்த்து, கப்ளரை விரலாலேயே கடைசி மரைவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு வேலை நடந்தது. இப்போது மழைக்காலம் நெருங்கினால் மூடியின் மேல் டேப் சுற்றச் சொல்லிவிடுகிறேன்.

இறுக்கத்தைப் பார்த்து நிறைவு என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

கடலூருக்கு அருகே ஒரு தொழிற்சாலைக் கட்டடம். தூண்களில் 25 மி.மீ. கம்பிகள், கப்ளரின் நீளம் 60 மி.மீ.; மரைக்கு மரை 3 மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கம்பி 30 மி.மீ. உள்ளே போய், 10 மரைகள் பற்றிக்கொண்டு, நடுவில் இரு முனைகளும் முட்டி அழுந்த வேண்டும். நாங்கள் பயன்படுத்திய கப்ளருக்கு 260 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று குறிக்கப்பட்டிருந்தது. குறித்த முறுக்கு எட்டியதும் கிளிக் என்று காட்டும் டார்க் ரென்ச் வைத்து நானே சோதித்தேன். ஒவ்வொன்றிலும் கிளிக் என்ற சத்தம் கேட்டது. கப்ளருக்கு வெளியே ஒரு மரைகூடத் தெரியவில்லை. இதைவிடச் சுத்தமான வேலை இருக்க முடியாது என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். நான்கு தூண்களுக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று.

ஐந்தாவது தூணில் ஒரு கம்பி, உத்தரக் கம்பி நுழைவதற்குக் குறுக்கே நின்றதால், அதைக் கழற்றச் சொன்னேன். கம்பி கட்டும் பெரியவர் ரென்ச் போட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றியதும் நிறுத்திவிட்டு, "தம்பி, இது சீக்கிரமா கழண்டுடும் போலிருக்கே" என்றார். ஐந்தாவது சுற்றில் கம்பி கையோடு வந்துவிட்டது. பத்து மரைகள் பற்றியிருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் பற்றியிருந்தன.

நடந்தது இதுதான். மரை மெஷினில் நீளத்தை நிறுத்தும் கட்டை நழுவியிருக்கிறது. அதைப் பார்க்காமல் ஒரு கட்டுக் கம்பிக்கு 30 மி.மீ.க்குப் பதிலாக 15 மி.மீ. அளவுக்கே மரை போட்டுவிட்டார்கள். திருகியபோது மரை முடியும் இடத்தில் கப்ளரின் வாய் போய்ச் சிக்கி இறுகியிருக்கிறது. முனைகள் முட்டினாலும் முறுக்கு ஏறும்; மரை தீர்ந்துபோய்ச் சிக்கினாலும் முறுக்கு ஏறும். டார்க் ரென்ச்சுக்கு இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாது. வெளியே மரை தெரியாததைச் சுத்தமான வேலை என்று நான் மெச்சினேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்க அங்கே மரையே இல்லை என்பதே உண்மை.

அந்த ஐந்து மரைகளால் என்ன ஆகிவிடும் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. 25 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 491 சதுர மி.மீ.; எஃப்.இ. 500 கம்பி நிலையாக நீளத் தொடங்கும் விசை சுமார் 245 கிலோ நியூட்டன், அதாவது 25 டன். அதே கட்டிலிருந்து இரண்டு இணைப்புகளை வெட்டி ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தோம். இரண்டிலும் கம்பி அறுபடவில்லை. மரை உரிந்து, கப்ளரிலிருந்து கம்பி உருவிக்கொண்டு வந்தது. ஒரு கம்பி நீண்டு, மெலிந்து, அறுபடுவதற்கு முன் நமக்குக் கொஞ்சம் எச்சரிக்கை கிடைக்கும். மரை உரிவதில் அந்த அவகாசம் கிடையாது.

"தூணில் அமுக்கம்தானே, இழுவை எங்கே வருகிறது?" என்பது அன்று எழுந்த அடுத்த கேள்வி. இன்றும் எழுகிறது. பக்கத்திலிருக்கும் புதுச்சேரிக்கு, காற்றுச் சுமைக்கான தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்று கட்டடத்தைத் தள்ளும்போது தூணின் ஒரு முகத்தில் இழுவை வரக்கூடும். மேலும், முனைகள் முட்டாமல் நடுவே இடைவெளி இருந்தால் அமுக்கத்தையும் அந்த ஐந்து மரைகளே தாங்க வேண்டும்.

வடிவமைப்பாளர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்: இடியுங்கள். நான்கு தூண்களைத் தளமட்டம்வரை உடைத்து, அந்தக் கம்பிகளை எடுத்துவிட்டு, புதிதாக மரை போட்டுத் திரும்ப நிறுத்தப் பதினொரு நாட்கள் ஆயின. உடைக்கிற இயந்திரத்தின் சத்தம் முழுநாளும் கேட்டுக்கொண்டிருக்க, ஏட்டில் இருந்த என் கையெழுத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைத் தடுக்கப் பத்து ரூபாய்ப் பெயிண்டும் ஓர் அளவு நாடாவும் போதும். கம்பி இன்னும் தரையில் கிடக்கும்போதே, முனையிலிருந்து கப்ளரின் பாதி நீளத்துடன் 50 மி.மீ. கூட்டி ஒரு கோடு போடுங்கள்; 60 மி.மீ. கப்ளரானால் 80 மி.மீ. தொலைவில். இணைக்கப் போகும் இரு கம்பிகளிலும் இதைச் செய்யுங்கள். திருகி முடித்தபின் கப்ளரின் வாயிலிருந்து கோடுவரை இருபுறமும் 50 மி.மீ. இருந்தால் கம்பிகள் நடுவில் சந்தித்துவிட்டன. ஒரு புறம் 42, மறுபுறம் 58 என்றால் கப்ளர் நடுவிலிருந்து நகர்ந்துவிட்டது. இரு புறமும் 58 என்றால் உள்ளே 16 மி.மீ. வெற்றிடம் இருக்கிறது. அன்று எங்கள் கம்பிகளில் இந்தக் கோடு இருந்திருந்தால் மேல்பக்கம் 65 என்று காட்டியிருக்கும். ஒரு தூண்கூட உடைந்திருக்காது.

மரை போடும் இடத்திலும் ஒரு பழக்கம் வேண்டும். காலையில் முதல் கம்பியையும், அதன்பின் கட்டுக்கு ஒரு கம்பியையும் எடுத்து மரை நீளத்தை அளந்து, மரை சரியா என்று காட்டும் அளவுக் குழலை விரலால் ஓட்டிப் பாருங்கள். மெஷின் இயக்குபவர் சாப்பிடப் போய்த் திரும்பியதும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கட்டை நழுவுவதை அவர் மறைப்பதில்லை. பெரும்பாலும் அது அவருக்கே தெரிவதில்லை.

சுழல முடியாத கம்பிக்குச் சாதாரணக் கப்ளர்

சாதாரணக் கப்ளரில் ஒரு கம்பியாவது முழுதாகச் சுழல வேண்டும். எல் வடிவில் வளைத்த கம்பியும், ஏற்கெனவே கட்டி முடித்த கூட்டுக்குள் இருக்கும் கம்பியும் சுழலாது. அங்கே ஒரு கம்பியில் கப்ளரின் முழு நீளத்திற்கும் மரை போட்டு, கப்ளரை முதலில் அதன்மேல் முழுவதும் ஏற்றி வைத்து, எதிர்க் கம்பியைக் கொண்டுவந்து முட்டியபின் கப்ளரை அதன்மேல் திருகி இறக்கி, பூட்டு நட்டால் இறுக்க வேண்டும். இதற்கென வரும் வகையைத் திட்டமிடும்போதே கணக்கிட்டு வாங்காவிட்டால், கடைசி நேரத்தில் வேலையாட்கள் கிடைத்த கப்ளரைப் பாதி திருகிவிட்டு மேலே கட்டுக்கம்பி சுற்றிவிடுவார்கள். நிலத்தில் ஆழமாக இறங்கும் பைல் அடித்தளத்தின் கம்பிக் கூடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி இணைக்கும் இடங்களில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கப்ளரைக் கம்பியோடு வெல்டிங் செய்வது

கூடாது. வெப்பம், நாம் பயன்படுத்தும் டி.எம்.டி. வகைக் கம்பியின் கடினமான வெளியடுக்கைக் கெடுத்துவிடும்.

ஒரு நிறுவனத்தின் கப்ளரில் இன்னொரு நிறுவனத்தின் அளவுக்குப் போட்ட மரை

ஏறினாலும் ஏற்காதீர்கள்.

எல்லா இணைப்பையும் ஒரே மட்டத்தில் வைப்பது

ஒரு குறுக்குவெட்டில் பாதிக் கம்பிகளுக்கு மேல் இணைப்பு வரக் கூடாது என்று ஐ.எஸ். 456 பரிந்துரைக்கிறது. கப்ளர் வலிமையானது என்பதற்காக இதை மறந்துவிடுகிறார்கள். நீளக் கம்பி ஒன்று, குட்டைக் கம்பி ஒன்று என மாறி மாறி நிறுத்தினால் முடிந்தது.

ரிங்கைக் கப்ளரின் மேல் கட்டுவது

25 மி.மீ. கம்பிக்கான கப்ளரின் வெளிவிட்டம் 38, 40 மி.மீ. அளவில் இருக்கும். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் அதன்மேல் வந்தால், அது ஏழு மி.மீ. வெளியே தள்ளப்படும். கடற்கரைக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன், வேண்டும், அந்த அளவு கப்ளரின் மேல் இருக்கும் ரிங்குக்கும் பொருந்தும். அங்கே 38 ஆகிவிட்டால், உப்பு முதலில் எட்டிப் பிடிக்கும் இடம் அதுவாகவே இருக்கும். ரிங்குகளைக் கப்ளருக்குச் சற்று மேலும் கீழும் நகர்த்திக் கட்டுங்கள், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். நகர்த்த இடமில்லை என்றால், வரைபடத்திலேயே கம்பியைக் கப்ளரின் தடிமன் அளவுக்கு உள்ளே தள்ளி வைக்கும்படி வடிவமைப்பாளரிடம் கேளுங்கள்.

விற்பவர் கொடுத்த சோதனைத் தாளோடு நிறுத்திக்கொள்வது

கம்பி இணைப்புக் கப்ளருக்கென ஐ.எஸ். 16172 என்ற தரநிலை இருக்கிறது. இழுவை வலிமையோடு, சுமையை ஏற்றி இறக்கியபின் இணைப்புக்குள் கம்பி எவ்வளவு நழுவியிருக்கிறது என்பதையும் அது அளக்கச் சொல்கிறது, 0.10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. விற்பவர் கொண்டுவரும் தாளில் இந்த எண்கள் அழகாகவே இருக்கும், ஏனென்றால் அந்த மாதிரிகளை அவருடைய ஆட்கள், அவருடைய மெஷினில், நிதானமாகச் செய்திருப்பார்கள். நம் இடத்தில் மரை போடுவது வேறு கை; திருகுவது வேறு கை. ஆகவே மாதிரியை, நிறுத்தி முடித்த தூணிலிருந்தே கழற்றாமல் வெட்டி எடுங்கள். எதை வெட்டுவது என்பதை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் நீங்களே காட்டுங்கள். இரவு வேலையில் போட்ட கட்டிலிருந்து ஒன்றாவது அதில் இருக்கட்டும்.