முயல் காதுச் சொறி: பொருக்கில் கை வைக்க வேண்டாம்

முயலின் காதுக்குள் மண்ணிறப் பொருக்கைக் கண்டால் எல்லோருக்கும் கை பரபரக்கும். நோண்டி எடுத்துவிட்டால் சுகமாகிவிடும் என்று தோன்றும். தயவுசெய்து எடுக்காதீர்கள். அது தோலோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் தோலும் கிழிந்து வரும், இரத்தம் கொட்டும். முயல் லேசில் சத்தம் போடாது, அதனால் அது படும் வேதனை நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மருந்து சரியாகப் போட்டால் ஒன்றிரண்டு கிழமையில் பொருக்கு தானாகவே காய்ந்து உதிரும்.

நான் இருப்பது திருகோணமலை பாலையூற்றில். வளவின் பின்பக்கம் வேப்பமர நிழலில் முயல் கூடுகள் வைத்திருக்கிறேன். அயலில் யாருடைய முயலாவது தலையை உதறத் தொடங்கினால் என்னிடம் வந்து கேட்பார்கள்: "அக்கா, நோண்டி எடுக்கவா, மண்ணெண்ணெய் பூசவா?" இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் புண்ணான தோலைச் சுட்டுவிடும். முயல் முன்னங்காலால் காதைத் துடைத்து அந்தக் காலை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

இந்தச் சொறிக்குக் காரணம் சோராப்டிஸ் என்ற நுண்ணிய பூச்சி. காதின் உட்தோலைக் குத்தி, அங்கே ஊறும் நீரைக் குடித்து வாழ்கிறது. அந்த நீரும் செத்த தோலும் பூச்சியின் கழிவும் சேர்ந்து காய்ந்ததுதான் பொருக்கு. தீய்ந்த அப்பத்தின் ஓரம் போல அடுக்கடுக்காக இருக்கும். சந்தேகம் என்றால் தானாக விழுந்த ஒரு துண்டைக் கறுப்புக் கடதாசியில் வைத்து, பூதக்கண்ணாடியால் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் மெல்ல ஊர்ந்தால் அதுதான். காதுக்குள் கொஞ்சம் மஞ்சள் மெழுகு இருப்பது நோய் இல்லை.

பொருக்கு வரும் முன்பே முயல் சொல்லிவிடும். அடிக்கடி தலையை உதறும், பின்னங்காலால் காதைச் சொறியும், நிமிர்ந்து நின்ற காது ஒரு பக்கம் சரியும். காதின் பின்புறம் மயிர் கொட்டியிருக்கும். கிழமைக்கு ஒரு தடவை காதைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பிடித்துவிடலாம். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பழைய துவாயில் சுற்றி மடியில் வைத்து, ஃபோன் டோர்ச்சை அடித்து, அடிவரை பாருங்கள். மூக்கிலும் காது ஓரத்திலும் கால் விரல்களிலும் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் வேறு சொறி. அதைத் தொடுகிற நமக்கும் கொஞ்ச நாள் கடி எடுக்கலாம், அதனால் கையுறை போடுங்கள். காதுக்குள் வரும் இந்தப் பூச்சி மனிதரில் தங்காது.

சரி, வைத்தியம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வழக்கமாகத் தருவது ஐவர்மெக்டின், தோலுக்குக் கீழே போடும் ஊசி. இதில் எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மருந்து நடமாடும் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட ஏறக்குறைய மூன்று கிழமை. அதனால்தான் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டாவது ஊசி, பல நேரம் மூன்றாவதும். முதல் ஊசியோடு காது காயத் தொடங்கும், முயல் நன்றாகச் சாப்பிடும், நமக்கும் நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதியில்தான் இரண்டாவது ஊசி தவறிப்போகிறது. அடுத்த மாதம் அதே முயல் அதே பொருக்கோடு நிற்கும். வைத்தியர் சொன்ன திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் போத்தல் இருந்தால் வீட்டிலேயே குத்தலாமா என்றும் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். அந்த மருந்து பெரும்பாலும் 1 வீதக் கரைசல், அதாவது ஒரு மில்லிலீட்டரில் 10 மில்லிகிராம். முயலுக்குக் கொடுப்பது கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். இரண்டு கிலோ முயலுக்கு அது 0.04 முதல் 0.08 மில்லிலீட்டர்தான் வருகிறது, ஒரு சொட்டு, மிஞ்சினால் ஒன்றரை. கை கொஞ்சம் தவறினாலும் பத்து மடங்காகிவிடும். எடை பார்த்து, நுண்ணிய ஊசியில் அளந்து போடுவது வைத்தியரின் வேலை. முயல் சினையாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறைச்சிக்கு வளர்ப்பவர்கள், ஊசி போட்டபின் எத்தனை நாள் விட்டு அறுக்கலாம் என்று கேட்டே ஆக வேண்டும்.

நாய்க்கு உண்ணி விழக் கழுத்தில் விடும் மருந்தை முயலுக்கு விடவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிகொல்லி இருக்கிறது, அது முயலைக் கொன்றுவிடலாம். சுத்தமான தேங்காயெண்ணெயைப் பொருக்கின் மேல் மெல்லத் தடவினால் இளகும், முயலுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் எண்ணெயால் மட்டும் இந்தப் பூச்சி தீராது. சொறிந்த காலிலும் கழுத்திலும் கூட அது இருக்கும், அங்கே எண்ணெய் எட்டாது.

ஊசி போடும் அன்றைக்கே கூட்டையும் பார்க்க வேண்டும். பூச்சி முயலை விட்டு விழுந்தாலும் மூன்று கிழமை வரை உயிரோடு கிடக்கலாம். ஈரலிப்பில் நீண்ட நாள், காய்ந்த வெயிலில் குறைவு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நமக்கு வேலை சுலபம். பழைய வைக்கோலை எரித்து, கூட்டைக் கொதிநீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, பலகை இடுக்கெல்லாம் கழுவி, நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். முயல்களை அந்த நேரம் நிழலில் வேறு கூட்டில் வையுங்கள், 30 பாகைக்கு மேல் அவற்றால் தாங்க முடியாது. மாரியில் வெயில் கிடைக்காது. ஆகவே ஐப்பசி மழை தொடங்கும் முன்பே இதை ஒரு தடவை செய்து, கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, தூவானம் அடிக்காதபடி தட்டி கட்டுங்கள். காதில் புண் இருக்கும்போது ஈரமும் இலையானும் சேர்ந்தால் புழு வைத்துவிடும்.

ஒரு முயலுக்கு வந்தால் கூட இருக்கும் எல்லா முயலுக்கும் மருந்து. வெளியில் சுகமாகத் தெரிவதை விட்டுவிட்டால் அதிலிருந்தே திரும்பவும் பரவும். புதிதாக வாங்கும் முயலை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அதற்குத் தீனி வைப்பது கடைசியாக இருக்கட்டும், அப்புறம் கையைக் கழுவுங்கள்.

ஆடுகளையும் கவனியுங்கள். நம் ஊரில் ஆடுகள் வளவு வளவாகத் திரிந்து, மத்தியானத்தில் முயல் கூட்டின் அடியில் படுத்துக்கொள்ளும். இதே பூச்சி ஆட்டின் காதிலும் இருப்பதுண்டு. கூட்டைச் சுற்றி ஒரு வேலி போட்டுவிட்டால் போதும். நாய், பூனையின் காதில் வருவது வேறு இனம்.

தலை ஒரு பக்கம் சரிந்தபடியே நின்றால், வட்டமாகச் சுற்றினால், சரிந்து விழுந்தால், நோய் உட்காதுக்குப் போயிருக்கலாம். அரை நாளாகச் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றாலும் ஆபத்துத்தான், முயலின் குடல் நின்றுபோனால் மீட்பது கஷ்டம். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த ஊசித் திகதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். போகும்போது பெட்டிக்குள் அது வழக்கமாகத் தின்னும் புல்லில் ஒரு பிடி வையுங்கள்.