மலையக வீட்டில் சிறிய முருகைக்கல் தொட்டி: அமைத்தலும் பராமரித்தலும்

முருகைகளையும் (பவளங்கள்) கடல்மீன்களையும் வீட்டில் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை கரையோர வெப்பத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தொட்டி வைத்திருப்போருக்குத் தண்ணீர் சூடேறாமல் காப்பதே பெரிய கவலை. நுவரெலியா, ஹற்றன், பண்டாரவளைப் பக்கம் வாழும் நமக்குக் குளிரூட்டும் கருவி தேவையில்லை. ஆனால் இரவுக் குளிர், அடர்த்தி குறைந்த காற்று, உரம் கலக்கக்கூடிய மலைநீர் ஆகிய மூன்றையும் கணக்கில் எடுக்காமல் அமைக்கும் தொட்டி இங்கே நீடிக்காது.

முதல் தொட்டிக்கு 60 சென்ரிமீற்றர் நீளமும், 40 அகலமும், 40 உயரமும் உள்ள கண்ணாடிப் பெட்டி போதும். அது ஏறத்தாழ 96 லீற்றர் கொள்ளும். இதைவிடச் சிறிய தொட்டியில் உப்பும் வெப்பமும் விரைவாக ஏறி இறங்கும் என்பதால், புதியவருக்குச் சிறியது எளிது என்ற எண்ணம் தவறானது. கல், மணல், தொட்டியைத் தாங்கும் மேடை எல்லாம் சேர்ந்து எடை 130 கிலோவைத் தாண்டக்கூடும். பழைய வீடுகளின் பலகைத் தரையில் வைக்க வேண்டாம். விறகடுப்புப் புகை எட்டாத, யன்னலுக்கு விலகிய உட்சுவர் ஓரமே நல்ல இடம்.

தொட்டி நீர் 25 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவிலேயே இருக்கிறது. தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. ஆகவே 96 லீற்றர் தொட்டிக்கு 150 வாட் ஹீற்றர் இரண்டைப் பொருத்துங்கள். ஒரே பெரிய ஹீற்றர் பழுதாகி அணையாமல் நின்றால் ஓர் இரவுக்குள் தொட்டி வெந்துவிடும், எரியாமல் நின்றால் குளிர்ந்துவிடும். இரண்டு இருந்தால் ஒன்று தவறினாலும் மற்றது ஓரளவு தாங்கும். இரண்டையும் தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றுடன் இணைப்பது மேலும் பாதுகாப்பு. தொட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் ஓர் அங்குல ரெஜிஃபோம் பலகை ஒட்டினால் வெப்ப இழப்பும் மின்கட்டணமும் நன்றாகக் குறையும். மின்வடங்கள் செருகிக்குக் கீழே வளைந்து தொங்கிய பின்னரே மேலேற வேண்டும். வடத்தில் வழியும் நீர் செருகிக்குள் இறங்காமல் இருக்க அதுவே வழி. ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் கடல்நீர்த் தொட்டியை ஒருபோதும் இயக்காதீர்கள்.

காற்றைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. எனக்கோ அதுவே முதற் கவலை. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கரையோரத்தின் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், நீரில் கரையக்கூடிய ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறைகிறது. உப்பு நீர் நன்னீரைவிடக் குறைந்த ஒட்சிசனையே ஏற்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மீன்களின் எண்ணிக்கையில் நாம் ஏன் சிக்கனமாக இருக்க வேண்டும் என்பது புரியும். நீரோட்டப் பம்பி ஒன்றை மேற்பரப்பு எப்போதும் சலசலக்கும்படி திருப்பி வையுங்கள். கண்ணாடி மூடி வெப்பத்தைக் காக்கும், ஆனால் முழுதாக மூடினால் வாயுப் பரிமாற்றம் தடைபடும். ஒரு விரல் அகல இடைவெளி விடுங்கள். மின் தடைப்படும்போது தானாக இயங்கும் பற்றரிக் காற்றுப் பம்பியை, மீன் வாங்கும் முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட மின்வெட்டில் போர்வையால் தொட்டியைச் சுற்றி, இறுக மூடிய போத்தல்களில் சுடுநீர் நிரப்பி மிதக்க விட்டால் வெப்பம் மெதுவாகவே இறங்கும்.

மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் குடிப்பதற்கு இனிமையானதுதான். எனினும் தேயிலைச் சரிவுகளில் இடும் உரத்தின் நைத்திரேற்றும் பொசுபேற்றும் மழையோடு அதில் கலக்க வாய்ப்புண்டு, அவை பாசியை வளர்க்கும். குழாய் நீரில் குளோரின் இருக்கும். குளியலறைக் கீசரின் சுடுநீரில் செம்பு கலந்திருக்கக்கூடும், மிகச் சிறிதளவு செம்பே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். எனவே நுண்சவ்வின் ஊடாக நீரைத் தள்ளிச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியில் எடுத்த நீரையே பயன்படுத்துங்கள். சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே என்பதால் அது உதவாது. கல்சியம், மக்னீசியம் முதலியவை அடங்கிய கடல்தொட்டி உப்பு வேண்டும். லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் கலந்து, ஹீற்றரும் பம்பியும் இட்டு ஒரு நாள் ஓடவிட்டு, உப்புச் செறிவை அளக்கும் ரிஃப்ரக்டோமீற்றரில் சாரடர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அல்லது 1.026 எனக் காட்டுகிறதா என்று பாருங்கள். திருகோணமலையிலிருந்து கலன்களில் கடல்நீர் கொண்டுவரலாமே என்று கேட்போர் உண்டு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் கலந்து அதன் உப்புச் செறிவு மாறும் என்பதாலும், மாதந்தோறும் மலையேற்றிக் கொண்டுவருவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதாலும் நான் பரிந்துரைப்பதில்லை.

தொட்டிக்குள் அடுக்கும் கல்லைக் கடலிலிருந்து எடுக்கவே கூடாது. நம் நாட்டில் முருகைக்கல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. 1998இல் கடல் வெப்பமடைந்தபோது ஹிக்கடுவைப் பகுதியின் முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. எஞ்சியவற்றை நம் வரவேற்பறைக்காக உடைப்பது பெருந்தவறு. கடையில் கிடைக்கும் உலர்ந்த செயற்கைக் கல்லை அடுக்கி, நன்மை செய்யும் பற்றீரியா வளரக் காத்திருங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றும். சிறிதளவு அமோனியா சேர்த்துத் தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரங்களில் அவை நிலைபெறும்; குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும் என்பதால் ஹீற்றரை முதல் நாளிலிருந்தே இயக்குங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் பூச்சியம் காட்டும்வரை எந்த உயிரையும் விட வேண்டாம்.

பண்ணையில் இனப்பெருக்கம் செய்த கோமாளி மீன் ஒரு சோடியும், சில நத்தைகளும், பிறகு காளான் முருகை, தோல் முருகை போன்ற மெல்லுடல் வகைகளும் இத்தொட்டிக்குப் போதும். பட்டன் முருகை எனப்படும் சோவாந்திட் வகைகளில் சில கடும் நஞ்சுடையவை; கையுறையின்றித் தொடாதீர்கள், அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், ஆவியே ஆபத்து. கொழும்பில் மீன் வாங்குகையில் பையை இறுக்கமாக ஊதிக் கட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். மலையேற ஏற வெளியழுத்தம் குறைந்து பை உப்பி வெடிக்கக்கூடும். ரெஜிஃபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் ஒத்துவந்த பின், தொட்டி நீரை ஒரு மணி நேரம் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். திடீர்க் குளிரில் சோர்ந்த மீனை வெண்புள்ளி நோய் எளிதில் பிடிக்கும். செம்பு மருந்தை முருகைத் தொட்டியில் ஊற்றாமல், வேறொரு தொட்டிக்கு மீனை மாற்றியே சிகிச்சை செய்யுங்கள்.

வெளிச்சத்துக்கு நீலம் கலந்த எல்.இ.டி. விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். குளிர்ந்த அறையில் சூடான நீர் விரைந்து ஆவியாகும், உப்போ தங்கிவிடும். ஆகவே கண்ணாடியில் ஒரு கோடு இட்டு, குறைந்த அளவை நாள்தோறும் உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். புதிய உப்பு நீர் 25 பாகைக்குச் சூடான பின்னரே தொட்டிக்குள் போக வேண்டும். குளிருக்குக் கதவு யன்னல்களை அடைத்து உறங்கும் வீடுகளில் காபனீரொட்சைட்டு சேர்ந்து நீரின் பி.எச். (அமில-கார அளவு) 8.0க்குக் கீழே இறங்கலாம். மருந்தால் உயர்த்தப் பார்க்காமல், பகலில் யன்னலைத் திறந்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கல்லாகக் கட்டும் முருகைகளை, கல்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வரையிலும் காரத்தன்மை 8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) அளவிலும் பல மாதங்கள் அசையாமல் நின்ற பிறகே, முறையான அனுமதியுடன் வளர்த்து விற்பவரிடமிருந்து வாங்குங்கள்.