பின்புறக் கான்கிரீட் தளம்: சொந்தமாகப் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் பினாங்கு குளுகோரில் உறவுக்காரத் தம்பி ஒருவன், வீட்டுப் பின்புறத்தில் தானே கான்கிரீட் தளம் போடப்போவதாகச் சொல்லிக் கூப்பிட்டான். காலை எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓரப் பலகையை நேராக அடித்திருந்தான். அடியில் கல் கொட்டி நன்றாகத் திமிசு போட்டிருந்தான். மனசுக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் வாடகை மிக்சரை ஓட்டினான். ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் ரப்பர் குழாய். கலவை கொஞ்சம் கெட்டியானதும் குழாயை மிக்சர் வாய்க்குள் அப்படியே திருப்பினான்.

"போதும்பா, நிறுத்து" என்றேன்.

"கொஞ்சம் இளக்கமா இருந்தாத்தானே அண்ணே இழுத்துவிட முடியும்?"

2012-இல் பிறையில், அம்மா வீட்டுப் பின்புறத்தில் நானும் இதையேதான் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் இந்த வேலைக்குத் துணை நின்றிருக்கிறேன். பாதி வீடுகளில் இதே குழாயைப் பார்த்தாயிற்று. பலகை கோணலாக நிற்பது, சிமெண்டு போதாமல் போவது எல்லாம் தானே கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். போடும் அன்றைக்குச் சரியாகத் தெரிந்து, மாதக் கணக்கில் கழித்துக் காலை வாருகிறவற்றைத்தான் எழுதுகிறேன்.

கலவையில் தண்ணீரைக் கூட்டுவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

சிமெண்டு இறுகுவதற்குத் தேவையான தண்ணீர் அதன் எடையில் கால் பங்கு அளவுதான். மீதி நாம் ஊற்றுவதெல்லாம் கலக்கவும் பரப்பவும் வசதியாக இருக்கட்டும் என்பதற்காக. அந்த மீதித் தண்ணீர் எங்கே போகும்? கொஞ்சம் உள்ளேயே இடம் பிடித்திருந்து, காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுப் போகும். கொஞ்சம் மேலே கசிந்து வரும்; வரும்போது சிமெண்டுப் பாலையும் மணல் தூசியையும் சேர்த்துத் தூக்கி வரும். கடைசியில், நாம் நடக்கப் போகிற மேல்பரப்புதான் தளத்திலேயே பலவீனமான பகுதியாகிவிடும்.

அம்மா வீட்டுத் தளம் 4 மீட்டருக்கு 3 மீட்டர், கனம் 100 மி.மீ. ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்ற கணக்கில் 50 கிலோ மூட்டை எட்டு ஆனது. ஒரு மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டர் தண்ணீர் போதும். நான் அளக்கவே இல்லை. கஞ்சி மாதிரி ஓடியது, பரப்பச் சுகமாக இருந்தது. பதினொரு மணி வாக்கில் மேலே தண்ணீர் மினுமினுவென்று தேங்கி நின்றது. அது வற்றும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், உலர்ந்த சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது மாதம் அம்மா போன் செய்தார். "என்னப்பா, தினமும் பெருக்குறேன், மாவு மாதிரி வந்துக்கிட்டே இருக்கு." போய்ப் பார்த்தால் அம்மாவின் உள்ளங்கால் வெள்ளையாக இருந்தது. துணி காயப்போடும் கம்பத்தடியில் மேல்தோல் அப்பளம் போலப் பெயர்ந்திருந்தது. சாவியால் கீறினேன், நகத்தால் சோப்பைக் கீறுவதுபோல இறங்கியது. நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு வேறு. மேலே ஒரு பூச்சு பூசிப் பார்த்தேன், அதுவும் பெயர்ந்தது. அடிப்பரப்பே பொடியாக இருக்கும்போது மேலே பூசுவது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? முதல் தடவை சாமான்களுக்கு ஆனது 600 வெள்ளிக்குள். உடைத்து, கிட்டத்தட்ட மூன்று டன் இடிபாட்டை ரோரோ பின்னில் (லாரி தூக்கிப் போகும் பெரிய இரும்புத் தொட்டி) ஏற்றி அனுப்பி, மறுபடி போட்டு முடிக்க 2,000 வெள்ளியைத் தாண்டியது.

ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 35 லிட்டர் ஊற்றினால் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தப் பத்து லிட்டர் என்பது குழாயை ஒரு நிமிஷம் பிடித்தால் வந்துவிடுகிற தண்ணீர். அதனால் குழாய் மிக்சர் பக்கமே வரக்கூடாது. கோடு போட்ட வாளியில் அளந்து ஊற்றுங்கள். மணலையும் கவனியுங்கள். நம் ஊரில் வாசலில் கொட்டிய மணல் ராத்திரி மழையில் நனைந்தே இருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாக நின்று உள்ளங்கையை ஈரமாக்கினால், ஒரு மூட்டைக்குப் போடும் மணலிலேயே ஐந்தாறு லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அந்த அளவைக் குறையுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க, குவித்த கலவையில் கரணையால் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டின் இரு கரையும் நிற்க வேண்டும், உள்ளே தண்ணீர் ஊறி வரக்கூடாது. வெயிலில் கெட்டிப்படுகிறது என்றால் தண்ணீரை மட்டும் கூட்டாதீர்கள். ஒரு லிட்டர் கூட்டினால் இரண்டு கிலோ சிமெண்டும் சேர வேண்டும். அதைவிட, காலை ஏழு மணிக்கே ஆரம்பித்து, கூட இரண்டு ஆள் வைத்துக்கொள்வது நல்லது. மேலே கசிந்த தண்ணீர் தானாகப் போகும்வரை கரணையைத் தொடாதீர்கள். சிமெண்டு தூவவே தூவாதீர்கள்.

குளுகோர்த் தம்பி அதற்குள் பாதித் தளம் போட்டுவிட்டிருந்தான். நடுவில் பலகை அடித்து அதோடு நிறுத்தி, மீதியை மறுநாள் அளந்து போட்டோம். போன வாரம் ஆணியால் கீறிப் பார்த்தான். முதல் பாதியில் வெள்ளைத் தூள் வந்தது. இரண்டாவதில் தூள் வரவில்லை; ஆணியின் இரும்புதான் தேய்ந்து கோடாக ஒட்டியது.

இறுகியதும் காயவிடுவது

கலக்கும்போது தண்ணீரைக் கொட்டுகிறவர்களே மறுநாள் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டுவதில்லை. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை; ஈரம் இருக்கும்வரைதான் பலம் ஏறும். நம் வெயிலில் அந்த ஈரம் அரை நாளில் பறந்துவிடும். ஏழு நாள் நனைத்த கோணிச் சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மூடி வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை பார்த்துக்கொள்ளும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மாதங்களில்தான் போட்ட அன்று மாலையே கொட்டி மேல்பரப்பை அரித்துவிடும். விரிப்பை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சரிவு

ஒரு மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ., வீட்டைவிட்டு விலகிக் கால்வாயை நோக்கி. மூன்று மீட்டர் தளத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் இறக்கம். கண் மதிப்பில் இது தெரியாது. கயிறு கட்டி, இரசமட்டம் வைத்து, ஓரப் பலகையிலேயே சரிவைக் கொண்டு வந்துவிட வேண்டும். வீட்டுத் தரையைவிடத் தளம் 150 மி.மீ. தாழ்ந்திருந்தால் பெருமழையில் நிம்மதியாகத் தூங்கலாம்.

கம்பி வலை

மண்ணோடு படுத்துக் கிடக்கும் பி.ஆர்.சி. கம்பி வலையால் ஒரு பயனும் இல்லை. "ஊற்றிவிட்டுக் கொக்கியால் தூக்கிவிடலாம்" என்பார்கள். தூக்கிய இடத்தில் மேலேறும், நாம் மிதித்ததும் இறங்கிவிடும். சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டைகளை அடியில் வைத்து, கனத்தின் பாதிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

வெட்டு

கான்கிரீட் சுருங்கும்போது எங்காவது வெடிக்கத்தான் செய்யும். எங்கே என்பதை நாம் முடிவு செய்யலாம்: மேலே ஒரு வெட்டு போட்டுவிட்டால் வெடிப்பு அதன் வழியே போகும். 100 மி.மீ. கனத்துக்கு மூன்று மீட்டருக்குள் ஒரு வெட்டு, 25 மி.மீ. ஆழம், மறுநாள் காலைக்குள். வீட்டுச் சுவரை ஒட்டும் ஓரத்தில் 10 மி.மீ. ஃபோம் பட்டை.

மேன்ஹோல்

கழிவுநீர்க் குழியின் மூடியைக் கான்கிரீட் போட்டு மூடிவிடாதீர்கள். அடைப்பு வந்தால், கழிவுநீர்க் குழாய்களைப் பார்க்கும் இன்டா வாட்டர் ஆட்கள் திறக்க வேண்டிய மூடி அது.

அடுப்பு

பொங்கலுக்குத் தளத்தின் மேல் நேரே விறகை மூட்டக்கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி மேல்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். அம்மா இப்போது இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி, மேலே மணல் பரப்பி, அதன்மேல்தான் அடுப்பு வைக்கிறார்.