பழைய ஜீப்புக்கு டீசல் இன்ஜின்: கியர்பாக்ஸை டயரிலிருந்து தேர்ந்தெடுங்கள்

போடியில் ஜீப் வேலை செய்கிறவன் நான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வரும். கொஞ்ச காலமாக இன்னொரு வகை ஆட்களும் வருகிறார்கள். தாத்தா வாங்கிப் போட்ட பெட்ரோல் சி.ஜே.3பி ஜீப்பை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, "இதுல ஒரு டீசல் இன்ஜின் ஏத்திக் குடுங்கண்ணே" என்பார்கள். எந்த இன்ஜின் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். கியர்பாக்ஸ் என்ன செய்யலாம் என்று கேட்டால், "இருக்கிறதே இருக்கட்டுமே" என்று பதில் வரும். சரி, உட்காருங்கள் என்று ஸ்டூலைப் போட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பேன்.

இன்ஜினைப் பார்த்து கியர்பாக்ஸ் எடுப்பதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. நான் டயரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். டயர், ஹவுசிங் (சக்கர அச்சின் நடுவில் கியர் உள்ள குடம்), டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்புகிற பெட்டி), கடைசியில் கியர்பாக்ஸ். இந்த வரிசையில் வந்தால் எது வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஏன் என்றால், அந்தப் பழைய ஜீப்பில் ஒவ்வொரு பாகமும் பெட்ரோல் இன்ஜினுக்கென்று கணக்குப் பார்த்து வைத்தது. ஹரிக்கேன் இன்ஜின் 2,199 சி.சி., 4,000 ஆர்.பி.எம். வரை சுற்றும். அதற்குப் பின்னால் டி-90 மூன்று கியர் பாக்ஸ், ஹவுசிங்கில் 5.38 விகித கிரவுன் பினியன் கியர் ஜோடி, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸ் பக்கமிருந்து வருகிற ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும். இந்த இடத்தில் மஹிந்திராவின் 2,523 சி.சி. டி.ஐ. டீசல் இன்ஜினை வைத்துப் பாருங்கள். அது தன் முழு சக்தியை 3,200-லேயே கொடுத்துவிடும். அதற்கு மேல் சுற்ற, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் விடாது. மற்றதெல்லாம் பழையபடியே இருந்தால், வண்டியின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். இழுவை இருக்கும், சமவெளியில் ஓடாது. தேனி ரோட்டில் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு உங்களைத் தாண்டிப் போகும்.

டயர் பக்கத்திலிருந்து இரண்டு எண் வேண்டும். ஒன்று, ஹவுசிங்கில் என்ன விகிதம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்திலோ பழைய ஓனர் சொன்னதிலோ நம்பிக்கை வைக்காதீர்கள். இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருப்பார்கள். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முட்டுக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியரும் டிரான்ஸ்ஃபரும் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். இன்னொரு சக்கரம் தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று. டிஃபரன்ஷியல் பாதியாகப் பிரித்துவிடும். ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 5.38. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவென்றால் 4.88. நாலேகாலை ஒட்டி வந்தால் 4.27. நாலுக்கும் குறைந்தால் 3.73. சந்தேகமாக இருந்தால் மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணிவிடுங்கள்: 5.38-க்கு கிரவுனில் 43, பினியனில் 8. 3.73-க்கு 41, 11.

இன்னொன்று டயர். தரையில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு போட்டு, வண்டியைத் தள்ளி ஒரு முழுச் சுற்றின் நீளத்தை டேப்பில் அளந்துகொள்ளுங்கள். பழைய 6.00-16 டயருக்குச் சுமார் 2.25 மீட்டர் வரும். கணக்கு எளிது. 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அதை 2.25-ஆல் வகுத்தால் சக்கரம் 444 சுற்று. ஹவுசிங் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜினின் ஆர்.பி.எம். கிடைக்கும்.

டி-90-இன் டாப் கியர் நேர் 1. ஆகவே 5.38 ஹவுசிங்கில் 60-க்கு ஏறக்குறைய 2,390, 80-க்கு 3,190. டி.ஐ. இன்ஜினுக்கு 80-தான் கதவு. நாள் முழுக்க அந்த எல்லையில் ஓட்டினால் வண்டிக்குள் பேசுகிறது கேட்காது, இன்ஜினும் தாங்காது. 5.38-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, ஐந்தாவது கியர் 0.8 உள்ள பாக்ஸ் போட்டால் 80-க்கு 2,550. ஹவுசிங்கை 4.27 ஆக்கி, டாப் நேராக உள்ள நாலு கியர் பாக்ஸ் போட்டாலும் கிட்டத்தட்ட அதே 2,530. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டும்போதுதான் பலருக்கும் விஷயம் பிடிபடும். நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஹவுசிங்கை மாற்றினால் முன்பக்கமும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். முன் பின் வேறுபட்டால், ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்துபோகும்.

இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாமே என்று சிலர் ஆசைப்படுவார்கள். 3.73 ஹவுசிங், 0.8 ஐந்தாவது கியர் சேர்ந்தால் 60-இல் இன்ஜின் 1,330-இல் நிற்கும். டர்போ இல்லாத டீசல் அங்கே முக்கும். ஐந்தாவது கியர் வெறும் அலங்காரமாகிவிடும். காமன் ரெயில் டர்போ இன்ஜின் போடுகிறவருக்கு மட்டும் அது சரி வரும்.

ஏற்றத்தையும் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பழைய செட்டில் முதல் கியர் 2.8, ஹவுசிங் 5.38, பெருக்கினால் 15. ஹவுசிங்கை 3.73 ஆக்கிவிட்டு டி-90-ஐ வைத்துக்கொண்டால் அது 10.4-க்கு இறங்கிவிடும். ஆள் ஏற்றிக்கொண்டு வளைவில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் வாடை வந்துவிடும். முதல் கியர் 4-ஐ ஒட்டி உள்ள பாக்ஸ் போட்டால் திரும்ப 15. இறக்கத்துக்கும் இதே எண்தான் காவல். டீசலில் காற்றை அடைக்கிற திராட்டில் மூடி கிடையாது. ஆகவே பெட்ரோல் வண்டி மாதிரி இன்ஜின் பிடித்துக் கொடுக்காது. முதல், இரண்டாம் கியரின் விகிதம் போதுமான அளவு பெரிதாக இருந்தால்தான் பிரேக் டிரம் சூடாகாமல் இறங்கலாம். மலையில் ஓடுகிற வண்டிக்கு டாப் கியரைவிட இந்தக் கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இப்போது பாக்ஸ்களுக்கு வருவோம். டி-90 நல்ல பெட்டி, ஆனால் முதல் கியருக்கு சின்க்ரோ (கரகரப்பில்லாமல் கியர் விழ உதவுகிற அமைப்பு) இல்லை. ஹரிக்கேனின் டார்க் (முறுக்கு விசை) சுமார் 15.8 கிலோகிராம்-மீட்டர்; 2,112 சி.சி. பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜினுக்கு அதைவிடக் குறைவு. எண்ணைப் பார்த்தால் டி-90 தாங்கும். டி.ஐ. அதைத் தாண்டிவிடும், அதோடு டீசலின் ஒவ்வொரு அடியும் கியர் பல்லில் சுத்தியல் மாதிரி விழும். டி.ஐ.-க்குப் பின்னால் டி-90 போட நான் சம்மதிப்பதில்லை. மஹிந்திராவின் எம்.எம்.540 ஜீப்பில் பெஜோவோடு வந்த கே.எம்.டி.90 நாலு கியர், அந்த இன்ஜினுக்கே உரிய ஜோடி. தோட்ட வேலைக்கு அது போதும். பி.ஏ.10 ஐந்து கியரும் பெஜோ குடும்பம்தான். கியர் விழுவது வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் முரட்டு டார்க்குக்குச் செய்த பெட்டி அல்ல. 1987-இலிருந்து 1989 வரை அமெரிக்காவில் செரோக்கி ஜீப்பின் 4 லிட்டர் இன்ஜினுக்குப் பின்னால் போட்டு அதன் பெயர் கெட்டது. டி.ஐ.-க்கு என்.ஜி.டி.520, தார் ஜீப்பின் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டர்போ) இன்ஜினுக்கு என்.ஜி.டி.530. இவைதான் என் தேர்வு.

இங்கே ஒரு எச்சரிக்கை. காயலான் கடையில் பொலேரோ கியர்பாக்ஸ் எளிதாகக் கிடைக்கும். அநேகமாக அது டூ வீல் டிரைவ். அதன் வாலும் மெயின் ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேராது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலிருந்து கழற்றியதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே பெயரில் விகிதம் மாறி வருகிற பெட்டிகளும் உண்டு. கடையிலேயே வைத்து எண்ணிவிடுங்கள். முதல் கியரில் போட்டு, இன்புட் ஷாஃப்டை எத்தனை சுற்று சுற்றினால் பின்னால் ஒரு சுற்று வருகிறது என்று பாருங்கள். ஐந்தாவதில், முன்னால் எட்டுச் சுற்றுக்குப் பின்னால் பத்து வந்தால் 0.8. மேல் மூடியைக் கழற்றச் சொல்லி சின்க்ரோ பற்களைப் பாருங்கள். முனை கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் கியர் கரகரக்கும். இன்புட் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அடி ஆயிலை விரலில் தடவி வெயிலில் காட்டுங்கள். மஞ்சள் பொடி கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, வெள்ளைச் செதில் இருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனியாக வாங்காதீர்கள். ஒரே வண்டியிலிருந்து பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற கூடு), ஃபிளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ஃபோர்க், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர்பாக்ஸ் மவுண்டிங் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். வேறு வழியில்லாமல், இரண்டையும் இணைக்க அடாப்டர் பிளேட் போட்டால், அதன் கனத்தையும் நடு மையத்தையும் லேத்துக்காரரின் கண்ணளவுக்கு விடக்கூடாது. ஃபிளைவீலில் டயல் கேஜை மாட்டி, பெல் ஹவுசிங் துளையைச் சுற்றி ஒரு சுற்று விடுங்கள். மொத்த ஆட்டம் 0.25 மி.மீ.-க்குள், அதாவது மையம் விலகியது 0.13-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பைலட் பேரிங்கும் இன்புட் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். கியர்பாக்ஸ் மேல்தான் பழி விழும். கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இருக்க வேண்டும். ஸ்பிரிங் இல்லாத பிளேட் போட்டால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும்.

நீளம்தான் சி.ஜே.3பி-இல் பெரிய தலைவலி. வீல்பேஸ் 80 அங்குலம், 2,032 மி.மீ. மட்டுமே. ஐந்து கியர் பாக்ஸ் டி-90-ஐவிட நீளம். டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளும், பின் ஷாஃப்ட் குட்டையாகும், ஜாயிண்ட் கோணம் கூடும். வாங்குவதற்கு முன்பே இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்து அளந்து, ஷாஃப்ட் எவ்வளவு மிஞ்சும் என்று கழித்துப் பாருங்கள். 91 அங்குல எம்.எம்.540-இல் இந்தக் கவலை குறைவு. பழைய ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸில் முன், பின் இரண்டு ஷாஃப்டும் ஒரே பக்கமாக ஒதுங்கி வரும். ஹவுசிங் குடமும் அதற்கேற்ப ஒதுங்கியிருக்கும். தாரின் போர்க் வார்னர் டிரான்ஸ்ஃபர் கேஸில் பின் ஷாஃப்ட் நடுவில் வரும். அதைப் பழைய ஹவுசிங்கோடு மாட்டினால் ஷாஃப்ட் குறுக்காக ஓடும். ஆகவே அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் எடுக்கிறவர்கள் ஹவுசிங்கையும் சேர்த்து எடுக்க வேண்டும். நல்ல பக்கமும் உண்டு: கூடவே விகிதமும் மாறிவிடும், மேலே போட்ட கணக்கை அதே காகிதத்தில் இன்னொரு முறை போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவுப்படி ஆர்.சி.-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது; இன்ஜினும் எரிபொருளும் மாறுவது அந்தக் கணக்கில்தான் வரும். எழுத்தில் அனுமதி கையில் இல்லாமல் நான் பழைய இன்ஜினைக் கழற்றுவதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

வண்டி முடிந்ததும் கியர்பாக்ஸில் ஜி.எல்.-4 ஆயில் ஊற்றுங்கள். சின்க்ரோ வளையம் பித்தளை என்றால் ஹவுசிங்குக்கு ஊற்றுகிற ஜி.எல்.-5 அதை அரிக்கக் கூடும். ஸ்பீடோமீட்டர் பினியனையும் புது விகிதத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் காட்டுகிற கிலோமீட்டர் பொய். பிறகு ஆள் ஏற்றாமல் ஒருமுறை மெட்டு ஏறி இறங்கிவிட்டு, இன்ஜினை அணைத்ததும் பெல் ஹவுசிங் போல்ட், மவுண்டிங் போல்ட், ஷாஃப்ட் ஜாயிண்ட் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்சில் திரும்ப இறுக்குங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆள் ஏற்றுங்கள்.