ஸ்டாக்ஹோம் பழைய நகரத்தில் நடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்களோ நண்பர்களோ வந்தால் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் பழைய நகரமான காம்லா ஸ்தானுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு மணி நேரத்தில் முடிச்சிடலாம்ல?" தீவு சின்னதுதான், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துவிடலாம். ஆனால் அப்படி நடந்து முடித்தவர்கள் பெரும்பாலும் நினைவுப்பொருள் கடைகளையும் ஐஸ்கிரீம் கடைகளையும்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

முதல் தவறு அங்கேதான். மெட்ரோவிலிருந்து வெளியே வந்ததும் கூட்டம் போகிற பக்கமாகவே போய் வெஸ்தர்லோங்காத்தன் தெருவில் இறங்கி, கடைசி வரை நடந்து, அதே வழியில் திரும்பி வருவது. இந்தத் தெரு ஒரு காலத்தில் நகரத்துக்குள்ளேயே இல்லை. இடைக்கால மதில் சுவருக்கு வெளியே, தண்ணீர்க் கரையை ஒட்டிக் கிடந்த பாதை இது. பனியுகத்தில் மேலே அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாறை உருகிய பிறகு இந்தப் பகுதி நிலம் மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டே வருகிறது, இன்றைக்கும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. மக்களும் கரையைக் கொட்டி நிரப்பினார்கள், தண்ணீர் தள்ளிப் போனது. பழைய நகரம் உங்களுக்குப் பக்கவாட்டில், மேட்டின் மேல் இருக்கிறது.

சரி, எப்படி ஏறுவது? தெருவின் தெற்கு முனைக்குப் போனால் மோர்த்தன் த்ரோட்சிக் சந்து வரும், மிகக் குறுகிய இடத்தில் 90 சென்டிமீட்டர் அகலம், 36 படிகள். எல்லாரும் அடியில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள், ஏறுங்கள். மேலே ப்ரெஸ்ட்காத்தன் தெரு இருக்கிறது, பழைய மதிலின் உட்புறத்தை ஒட்டி ஓடியது. கீழே அவ்வளவு கூட்டம் நெரிகிறபோதும் இங்கே பல நேரம் உங்கள் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். (சந்துக்குப் போகும் வழியில் 68ஆம் எண் வீட்டை மட்டும் ஒரு நிமிடம் பார்த்து வையுங்கள். தத்துவவாதி ரெனே டேக்கார்ட் 1650 பிப்ரவரியில் இறந்துபோனது அங்கேதான். பாடம் சொல்லிக்கொடுக்க ராணி கிறிஸ்டினா அழைத்து வந்திருந்தார், விடிகாலை ஐந்து மணிக்குப் பாடம், அந்தக் குளிரில்.)

ப்ரெஸ்ட்காத்தனில் வடக்கே நடந்து கோக்பிரிங்கன் சந்து குறுக்கிடும் மூலைக்கு வந்ததும் நின்று சுவரின் அடிப்பக்கம் பாருங்கள். செங்குத்தாக ஒரு பழைய பீரங்கிக் குழாய் நடப்பட்டிருக்கும், திரும்புகிற வண்டிச் சக்கரம் வீட்டு மூலையில் இடிக்காமலிருக்க. அதை ஒட்டிச் சுவருக்குள்ளேயே ஒரு கல், அதில் பாம்பு போல வளைந்த பட்டைக்குள் ரூனிக் எனும் பழங்கால வட ஐரோப்பிய எழுத்துகள். பெற்றோர் தங்கள் மகனுக்காக நாட்டிய நடுகல் அது, இந்த நகரத்தை விடவே பழையது. ஸ்டாக்ஹோம் என்ற பெயர் எழுத்தில் முதலில் வருவதே 1252இல்தான். பின்னாளில் வீடு கட்டியவர்கள் அதை வெறும் கட்டுமானக் கல்லாக எடுத்துச் சுவரில் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் போய்க் குனிந்து எழுத்துகளைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

அங்கிருந்து மேலே ஏறினால் ஸ்தூர்தோரியெத் சதுக்கம். இங்கே நடப்பது அடுத்த தவறு, காதில் விழுகிற கதையை அப்படியே நம்புவது. சிவப்பு வீட்டின் முகப்பில் பதித்திருக்கும் வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றும் இங்கே வெட்டப்பட்ட ஒரு தலைக்கு அடையாளம் என்று சொல்வார்கள். அந்த முகப்பு 1650 வாக்கில் கட்டப்பட்டது, தலைகள் விழுந்ததோ 1520இல், இடையில் 130 ஆண்டுகள். மூலை வீட்டுச் சுவரில் தெரியும் பீரங்கிக் குண்டும் அப்படித்தான், 1521 போரில் வந்து பாய்ந்தது என்பார்கள், உண்மையில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பதிக்கப்பட்டது.

கட்டுக்கதை எதுவும் தேவைப்படாத அளவுக்கு இங்கே நடந்ததே கொடூரமானது. டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்டியன் நகரத்தைப் பிடித்து, எதிர்த்தவர்களுக்கு மன்னிப்பு என்று வாக்குக் கொடுத்து, 1520 நவம்பர் 4ஆம் தேதி முடிசூட்டிக்கொண்டான். மூன்று நாள் விருந்து. அப்புறம் 7ஆம் தேதி கோட்டைக் கதவுகளைப் பூட்டிவிட்டு, விருந்துக்கு வந்தவர்களையே சமயத் துரோகிகள் என்று குற்றம் சாட்டினார்கள். மறுநாள் தொடங்கி இந்தச் சதுக்கத்தில் பிஷப்புகள், பிரபுக்கள், நகரத்துச் சாதாரண வியாபாரிகள் என்று எண்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஸ்டாக்ஹோம் ரத்தக்களரி என்றே அதற்குப் பெயர். கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் மகன் குஸ்தாவ் வாசா. அவர் தப்பிப் பிழைத்து, ஆள் திரட்டி, ஸ்வீடன் டென்மார்க்குடன் வைத்திருந்த கூட்டாட்சியையே முடித்துவைத்தார். அவர் அரசரான 1523 ஜூன் 6ஆம் தேதியைத்தான் இன்று தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். சதுக்கத்து பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து இதையெல்லாம் கூட வந்தவர்களுக்குச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அவர்கள் இந்த இடத்தைப் பார்க்கிற விதமே மாறிவிடும், நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பக்கத்திலேயே ஸ்தூர்ஷிர்க்கன் பேராலயம். கட்டணம் கேட்கிறார்கள் என்று வெளியிலிருந்தே திரும்பிவிடுகிறவர்கள் நிறைய, அருகில் ஷோப்மான் சதுக்கத்தில் இருக்கும் வெண்கலச் சிலையைப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். அது 1912இல் வைத்த நகல். உள்ளே இருக்கும் மூலச்சிற்பம் 1489ஐச் சேர்ந்தது, குதிரை மேல் புனித ஜார்ஜ், கீழே டிராகன். அந்த டிராகனின் முட்களுக்கு நிஜ எல்க் மான் கொம்புகளையே வைத்திருக்கிறார்கள். 1535இல் வானத்தில் தெரிந்த ஒளிவளையங்களைக் காட்டும் ஓவியமும் அங்கேதான் இருக்கிறது, அதன் அடியில் குட்டியாக நீங்கள் நடந்து வந்த இதே தீவு. கட்டணத்தை யோசிக்காமல் கொடுங்கள்.

அரண்மனைக் காவலர் மாறும் நிகழ்ச்சிக்காக மதியத்தில் பாதியைச் செலவழிக்க வேண்டாம் என்பேன், கூட்டத்துக்குப் பின்னால் நின்றால் தொப்பிகள்தான் தெரியும். எதிரே பின்லாந்து தேவாலயத்தின் பின்முற்றத்துக்குப் போங்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லாத இரும்புச் சிறுவன், முழங்காலைக் கட்டிக்கொண்டு நிலாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஆட்கள் தடவித் தடவியே தலை பளபளவென்று ஆகிவிட்டது. குளிர்காலத்தில் யாராவது அவனுக்குக் குட்டித் தொப்பி பின்னிப் போட்டுவிட்டுப் போவார்கள், முன்னால் சில்லறைக் காசு கிடக்கும்.

கிளம்புவதற்கு முன் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தெருவெல்லாம் உருண்டைக் கல், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வராதீர்கள், மெல்லிய அடிப்பாகச் செருப்பும் வேண்டாம். பல கடைகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டை வேண்டும். டிசம்பரில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் காலையிலேயே தொடங்குங்கள். ஜூனில் கோடை நடுத் திருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஊரே மூடிக் கிடக்கும்.

கடைசித் தவறு, வரலாறு தீவோடு முடிந்துவிட்டது என்று நினைப்பது. பாலத்தைத் தாண்டினால் குங்ஸ்த்ரெட்கோர்டன் பூங்கா, அங்கே எல்ம் மரங்கள். மெட்ரோ வாசலுக்காக அவற்றை வெட்ட வந்தபோது, 1971 மே மாதத்தில், மக்கள் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து காப்பாற்றினார்கள், வாசலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இன்னும் சில நிமிடம் நடந்தால் நோர்மால்ம்ஸ்தோரி. 1973 ஆகஸ்டில் ஆறு நாள் பிணைக்கைதிகளை அடைத்து வைத்திருந்த வங்கி இருந்த கட்டடம், பிணைக்கைதிகள் தங்களைப் பிடித்து வைத்தவர்கள் மேலேயே பரிவு கொள்வதைக் குறிக்கும் 'ஸ்டாக்ஹோம் சின்ட்ரோம்' என்ற சொல் பிறந்தது அதிலிருந்துதான்.

அங்கிருந்து ஸ்வேயாவேகன் தெருவுக்கு வாருங்கள். 1986 பிப்ரவரி 28 இரவு பிரதமர் ஓலோஃப் பால்மே, மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு, மெய்க்காவலர் யாருமில்லாமல் வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தபோது இங்கே ஒரு மூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நடைபாதையில் ஒரு உலோகப் பலகை பதித்திருக்கிறார்கள், தெரியாமல் அதை மிதித்துக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். அதே தெருவில் கொஞ்சம் வடக்கே போனால் அடோல்ஃப் ஃப்ரெட்ரிக் தேவாலயத் தோட்டத்தில் அவருடைய கல்லறை, செதுக்காத பெரிய கல்லில் அவருடைய கையெழுத்து மட்டும். கதவு திறந்திருந்தால் தேவாலயத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். காலையில் 68ஆம் எண் வீட்டில் பார்த்தோமே, அந்த டேக்கார்ட்டை முதலில் புதைத்தது இந்தத் தோட்டத்தில்தான், உடலைப் பிறகு பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நினைவுச்சின்னம் மட்டும் உள்ளே இருக்கிறது.