உறங்கும் மரபணுவா, உடைந்த மரபணுவா? இன்டர்ஃபெரான் காமாவைக் கொண்டு புற்றுநோய் செல்லைச் சோதிக்கும் முறை

நம் உடலில் உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லாச் செல்களும், தமக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளை எச்எல்ஏ முதல் வகுப்புப் புரதங்களில் ஏந்தி வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டிருக்கின்றன. கொல்லும் டி செல்கள் இந்தத் துண்டுகளைப் பார்த்தே கெட்ட செல்லை இனங்காண்கின்றன. பல புற்றுநோய் செல்கள் இந்தக் காட்சியைக் குறைத்துக்கொண்டு தப்பிவிடுகின்றன. அப்படிக் குறைந்திருந்தால், அதற்குரிய மரபணு உறங்குகிறதா, உடைந்துவிட்டதா என்பதை முதலில் அறிய வேண்டும். உறங்கும் மரபணுவை அழற்சிச் சமிக்ஞையால் எழுப்ப முடியும். உடைந்ததை எழுப்ப முடியாது.

கையுறை அணியும் முன், இந்தச் சமிக்ஞை செல்லுக்குள் செல்லும் பாதையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். டி செல்களும், என்கே செல்கள் எனப்படும் மற்றொரு வகை நோயெதிர்ப்புச் செல்களும் சுரக்கும் அழற்சிச் சமிக்ஞையான இன்டர்ஃபெரான் காமா, புற்றுநோய் செல்லின் ஏற்பியில் வந்து அமர்ந்ததும், ஏற்பியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜாக்1, ஜாக்2 நொதிகள் இயங்கத் தொடங்கி, ஸ்டாட்1 புரதத்தின் 701ஆவது இடத்திலுள்ள டைரோசினில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அந்த ஸ்டாட்1 இரண்டிரண்டாக இணைந்து உட்கருவுக்குள் சென்று ஐஆர்எஃப்1, என்எல்ஆர்சி5 ஆகிய மரபணுக்களை இயக்குகிறது. முதல் வகுப்பு மரபணுக்களின் முக்கியத் தூண்டியாக 2010இல் அறியப்பட்ட என்எல்ஆர்சி5, எச்எல்ஏ மரபணுக்களோடு அவற்றின் துணைப் புரதமான பி2எம், துண்டுகளைக் கடத்தும் டேப்1 முதலியவற்றையும் சேர்த்தே உயர்த்துகிறது. இன்னொரு அழற்சிச் சமிக்ஞையான டிஎன்எஃப், என்எஃப்-கப்பாபி என்ற புரதம் வழியாக எச்எல்ஏ மரபணுவின் வேறோர் இடத்தைத் தூண்டுவதால், இரண்டும் சேரும்போது விளைவு பெருகும்.

படி 1. ஏ375 என்ற மனித மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செல்களை ஆறு குழித் தட்டில் குழிக்கு 2 லட்சம் வீதம் இட்டு, ஓர் இரவு ஒட்ட விடுங்கள்.

படி 2. முதல் குழியில் எந்தத் தூண்டலும் வேண்டாம். இரண்டாவதில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் இன்டர்ஃபெரான் காமா சேருங்கள். மூன்றாவதில் 1 மைக்ரோமோலார் ருக்ஸோலிடினிப் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து அதே அளவு இன்டர்ஃபெரான் சேருங்கள். ருக்ஸோலிடினிப் ஜாக் நொதிகளைத் தடுப்பதால், உயர்வு இந்தப் பாதை வழியாகத்தான் வந்தது என்பதற்கு மூன்றாவது குழியே சாட்சி. மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ மூன்றிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். குப்பியின் சீட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள்: எலியின் இன்டர்ஃபெரான் காமா மனித செல்லின் ஏற்பியைத் தூண்டாது. குளிர்பெட்டியில் இரண்டும் அருகருகே இருந்தால், குப்பி மாறி ஒரு வார உழைப்பு வீணாகிவிடும்.

படி 3. 48 மணி நேரம் கழித்து ஈடிடிஏ கரைசலால் செல்களைப் பிரித்தெடுங்கள். செல்களைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் டிரிப்சின் நொதியை அதிக நேரம் விட்டால் அது பரப்புப் புரதங்களையும் வெட்டக்கூடும். ஒளிரும் சாயம் இணைத்த டபிள்யூ6/32 ஆன்டிபாடியோடு பனிக்கட்டியின் மேல் 30 நிமிடம் வையுங்கள். இந்த ஆன்டிபாடி பி2எம்முடன் சேர்ந்து முழுமையாக அமைந்த எச்எல்ஏவை மட்டுமே பற்றும் என்பதால், நம் கேள்விக்கு மிகவும் பொருத்தமானது. டி செல்லை அடக்கும் பரப்புப் புரதமான பிடி-எல்1ஐப் பற்றும் ஆன்டிபாடியை வேறு நிறத்திலும், இறந்த செல்களை ஒதுக்கும் சாயத்தையும் சேருங்கள். பின்னணி ஒளியை அறிய, இந்தப் புரதங்களைப் பற்றாத ஒப்பீட்டு ஆன்டிபாடி (ஐசோடைப்) இட்ட குழாய் ஒவ்வொரு குழிக்கும் தனியே வேண்டும்.

படி 4. செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் உயிருள்ள செல்களின் இடைநிலை ஒளிர்வைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, பின்னணி 200, தூண்டாத குழி 1,200, தூண்டிய குழி 4,800 என்றால், உயர்வு 4,600ஐ 1,000ஆல் வகுத்த 4.6 மடங்கு. பின்னணியைக் கழிக்காமல் வகுத்தால் 4 மடங்கு என்றுதான் தெரியும்.

படி 5. ஆர்என்ஏ அளவையும் பார்க்க விரும்பினால், 24 மணி நேரத்தில் எடுத்த செல்களில், ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆர் சோதனை செய்யுங்கள். பல ஆய்வகங்களில் பி2எம் ஒப்பீட்டு மரபணுவாகப் பழக்கத்தில் இருக்கிறது. இங்கே அதைத் தொடவே கூடாது. இன்டர்ஃபெரான் அதையும் உயர்த்துவதால், மற்ற மரபணுக்களின் உயர்வு குறைவாகவோ இல்லாததுபோலவோ தோன்றும்.

படி 6. ஒளிர்வு உயரவே இல்லையென்றால், 30 நிமிடம் மட்டும் தூண்டிய செல்களில் பாஸ்பேட் பெற்ற ஸ்டாட்1 உள்ளதா என்று, புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை செய்யுங்கள். அது இல்லையென்றால் ஏற்பியையோ ஜாக் நொதிகளையோ சந்தேகியுங்கள். அது இருந்தும் எச்எல்ஏ பரப்புக்கு வரவில்லையென்றால் பி2எம் மரபணுவின் வரிசையைப் படியுங்கள். டி செல்களின் தடையை நீக்கும் மருந்தான பெம்ப்ரோலிசுமாப் சிகிச்சைக்கு முதலில் பலன் கண்டு, பின்னர் நோய் திரும்பிய மெலனோமா நோயாளிகளிடம் ஜாக்1, ஜாக்2, பி2எம் மரபணுக்கள் செயலிழந்திருந்தது 2016இல் வெளியானது. எனவே இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள்.

ஒளிர்வு உயர்ந்திருந்தால், மரபணு உறங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்போது பிடி-எல்1 நிறத்தையும் உடனே பாருங்கள். செல்லைக் காட்டிக்கொடுக்கும் அதே சமிக்ஞை, ஐஆர்எஃப்1 வழியாக, டி செல்லை அடக்கும் இந்தக் கேடயத்தையும் உயர்த்துகிறது. எச்எல்ஏ உயர்வை மட்டும் குறித்துவிட்டு, டி செல்கள் இனி இந்தச் செல்லைக் கொன்றுவிடும் என்று எழுதிவிடாதீர்கள்; இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.