பேக்கப் எடுத்தாச்சா? ஒருமுறை திறந்தும் பாருங்கள்

எக்ஸ்டர்னல் டிஸ்கில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள், இன்றைக்கே அதிலிருந்து ஒரு போட்டோவையும் ஒரு எக்செல் ஃபைலையும் கம்ப்யூட்டருக்குத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் எடுங்கள். பழைய இடத்திலேயே போட்டு, 'ரீப்ளேஸ்' என்று அவசரத்தில் அமுக்கினால் புதிய ஃபைல் போய்விடும். இரண்டு வாரக் கணக்கை நான் இப்படித்தான் தொலைத்தேன்.

விண்டோஸ் வைத்திருந்தால் கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கும். டிஸ்கைச் செருகி அதை ஆன் செய்தால், டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கு ஒருமுறை, மாறிய ஃபைல்களை மட்டும் சேமிக்கும். பழைய பதிப்புகளும் தங்கும் என்பதுதான் இதில் அருமை. நேற்று ஒழுங்காக இருந்த ஃபைலை இன்று சொதப்பிவிட்டீர்களா? அதன் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' போய், தேதி பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி வழக்கமான ஃபோல்டர்களைத்தான் அது கவனிக்கும். டி டிரைவில் தனியாகப் போட்டு வைத்தவற்றை நீங்களாக விண்டோஸின் 'லைப்ரரி'யில் சேர்க்க வேண்டும்.

அப்புறம், டிஸ்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் புகுந்தால் பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கூகுள் டிரைவ் இருக்கிறதே என்றால், சரிதான். ஆனால் சிங்க் ஆகும் (கம்ப்யூட்டரிலும் டிரைவிலும் ஒரேபோல மாறும்) ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.